கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் செயலிழப்பு

கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் செயலிழப்பு என்பது, செயற்கைக்கோள் குறிகைகளைக் கொண்டு புவியில் ஓர் இடத்தின் அமைவைக் கணித்துக் காட்டும் கைக்கருவி இயங்காமல் நின்றுவிடுவதை, அல்லது பொத்தான்களுக்கு மறுமொழி தராமல் உறைந்துவிடுவதைக் குறிக்கும். 1990களிலும் 2000களிலும் விற்பனையான கருவிகள் பல இன்றும் மீனவர்கள், மலையேறுவோர், வனப் பணியாளர்கள், நில அளவை செய்வோர் ஆகியோரிடம் பயன்பாட்டில் உள்ளன. இத்தகைய பழைய கருவி ஒன்று நின்றுவிட்டால் அது முற்றிலும் பழுதாகிவிட்டது என்று கருதப்படுவது வழக்கம். ஆனால் பெரும்பாலும் மின்கலத் தொடுமுனை, நினைவகத்தில் தங்கிவிட்ட சிதைந்த கோப்பு, காலாவதியான சுற்றுப்பாதைத் தரவு போன்ற எளிய காரணங்களே இதற்கு அடிப்படையாக அமைகின்றன.

பழுது நீக்கும்போது செய்யும் செயல்களின் வரிசை முதன்மையானது. கருவியின் விலையை விட அதில் பல ஆண்டுகளாகச் சேமிக்கப்பட்ட இடக்குறிப்புகளின் மதிப்பு மிகுதியாக இருக்கலாம். எனவே தரவை அழிக்காத வழிகளை முதலிலும், அழிக்கக்கூடிய வழிகளை இறுதியிலும் மேற்கொள்ள வேண்டும்.

பின்னணி

ஜி.பி.எஸ். என்பது ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை உருவாக்கிய செயற்கைக்கோள் வழிகாட்டு முறைமை ஆகும். இதன் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றி வருகின்றன. பொதுமக்களுக்கான பழைய கருவிகள் 1575.42 மெகாஎர்ட்சு அலைவெண்ணில் வரும் குறிகையைப் பெறுகின்றன.

பொதுமக்களுக்கான முதல் கையடக்கக் கருவியாகப் பொதுவாகக் கருதப்படுவது மாகெல்லன் நிறுவனம் 1989இல் வெளியிட்ட நேவ் 1000 ஆகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான குறிகையின் துல்லியம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது. அப்போது நூறு மீட்டர் வரையிலான பிழை இயல்பாக இருந்தது. இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டபின் அதே கருவிகளே பத்து, இருபது மீட்டர் அளவிலான துல்லியத்தைக் காட்டத் தொடங்கின. கார்மின் நிறுவனத்தின் இ-டிரெக்ஸ் போன்ற சிறிய கருவிகள் இக்காலகட்டத்தில்தான் பரவலாயின.

கருவியின் அமைப்பு

பழுதின் காரணத்தை அறிய, கருவியின் உட்கூறுகளை அறிந்திருப்பது பயன்தரும். பழைய கையடக்கக் கருவி ஒன்றில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் உள்ளன.

* மின்வழங்கல்: இரண்டு அல்லது நான்கு ஏஏ அளவு மின்கலங்களும், அவற்றின் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்றும்.
* ஆன்டெனா: தட்டை வடிவிலோ சுருள் வடிவிலோ இருக்கும்.
* பெறுவி: செயற்கைக்கோள் குறிகையைப் பிரித்தறியும் சில்லு.
* செயலியும் நிலைப்பொருளும்: கருவியை இயக்கும் நிலையான மென்பொருள் நிலைப்பொருள் எனப்படும்.
* நினைவகம்: வழிப்புள்ளிகள், தடப்பதிவுகள், அமைப்புகள் ஆகியவற்றைச் சேமிப்பது.
* உள் காப்பு மின்கலம்: முதன்மை மின்கலங்களை அகற்றிய நிலையிலும் கடிகாரத்தை ஓடச் செய்வது. சில பழைய வகைகளில் நினைவகமும் இதையே நம்பியிருக்கும்.
* திரையும் பொத்தான்களும்.

இவற்றுள் திரை மட்டும் கெட்டிருந்தாலும், கருவி முழுவதும் இயங்காதது போலவே தோன்றும். ஆகவே எந்தப் பகுதி நின்றுள்ளது என்று பிரித்தறிவதே முதற்படி.

பழுது போலத் தோன்றும் நிலைகள்

கருவியில் பழுது எதுவும் இல்லாதபோதும் அது நின்றுவிட்டதாக எண்ணச் செய்யும் நிலைகள் சில உள்ளன.

திரையின் நிறமாறுபாட்டு அளவு சுழியத்திற்குக் குறைக்கப்பட்டிருந்தால், கருவி இயங்கிக்கொண்டிருந்தாலும் திரை வெறுமையாகவே இருக்கும். மின்பொத்தானை அழுத்தும்போது பின்னொளி எரிந்தாலோ ஒலி எழுந்தாலோ செயலி இயங்குகிறது என்று கொள்ளலாம். இதற்கு மாறாக, வெயிலில் நெடுநேரம் வைக்கப்பட்ட திரவப் படிகத் திரை முழுவதும் கறுத்துவிடும். நிழலில் வைத்துக் குளிர்ந்தபின் அது பெரும்பாலும் தன்னிலைக்குத் திரும்பும். கடுங்குளிரில் திரை மிக மெதுவாக மாறும்.

பாவனை இயக்கம் மற்றொன்று. பயிற்சிக்காக அமைக்கப்பட்ட இந்நிலையில் பெறுவி நிறுத்தப்பட்டிருக்கும். ஆனால் திரையில் செயற்கைக்கோள்களும் ஓர் இடத்தின் ஆயங்களும் காட்டப்படும். பயனர் நகர்ந்தாலும் காட்டப்படும் இடம் நகராது, அல்லது தொடர்பில்லாத வேகத்தில் நகரும். கருவி பழுதுபட்டதை விட இது ஆபத்தானது. ஏனெனில் பழுதான கருவியை எவரும் நம்புவதில்லை. பாவனை இயக்கத்தில் உள்ள கருவியை நம்பிவிடக்கூடும்.

மின்வழங்கல் பழுதுகள்

கருவி சிறிதும் உயிர்பெறாத நிலையில் முதலில் ஆராய வேண்டியது மின்வழங்கலே.

பழைய மின்கலம் ஒன்று பளு இல்லாதபோது போதிய மின்னழுத்தத்தைக் காட்டினாலும், கருவி இயங்கத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும். இதனால் தொடக்கத் திரை ஒரு நொடி தோன்றி மறையும். ஆகவே மின்கலங்களை அளந்து பார்ப்பதை விட, ஒரே வகையைச் சேர்ந்த புதிய மின்கலங்களை முழுவதுமாக மாற்றிப் பார்ப்பதே நம்பத்தகுந்த சோதனை. பழையதையும் புதியதையும் கலந்து இடுதல் கூடாது. காரவகை மின்கலம் 1.5 வோல்ட்டும், மீள்மின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் வகை மின்கலம் 1.2 வோல்ட்டும் தருவன. அமைப்பில் மின்கல வகை தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், மின்கல அளவுகாட்டி பொய்யான அளவைக் காட்டும்.

நெடுநாள் உள்ளேயே விடப்பட்ட காரவகை மின்கலத்திலிருந்து பொட்டாசியம் ஐதராக்சைடு கசிந்து, தொடுமுனைகளின் மேல் வெண்ணிறப் படிவாக உறையும். இப்படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். பஞ்சுக் குச்சியில் சிறிதளவு எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தொட்டுப் படிவை நீக்கலாம். காரமும் அமிலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்குவதே இதன் அடிப்படை. பின்னர் தூய ஆல்ககாலால் துடைத்து நன்கு உலரவிட வேண்டும். இப்படிவு தோலையும் கண்ணையும் அரிக்கும் தன்மை உடையதாதலால் கையுறையும் கண்காப்பும் தேவை. மெல்லிய கறை மட்டும் இருப்பின் பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே போதும்.

படகிலோ வண்டியிலோ அதிர்வு ஏற்படும்போது மட்டும் கருவி நின்றுபோனால், சுருள்வில் தொடுமுனை தளர்ந்திருக்கக்கூடும். மின்கலம் தன் அறையில் அசையாதவாறு செய்வதால் இது சரியாகும்.

வெளி மின்வழங்கலைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஒரே தோற்றமுடைய கருவிகளிலும், வகைக்கு வகை ஏற்கும் மின்னழுத்தம் மாறுபடும். குறைந்த மின்னழுத்தத்திற்காக வடிவமைக்கப்பட்ட கருவியைப் படகின் 12 வோல்ட் மின்கலத்தில் நேரடியாக இணைத்தால் உட்சுற்று எரிந்துவிடும். அத்தகைய கருவியை மேற்சொன்ன எளிய வழிகளால் மீட்க இயலாது.

நீரும் உப்பும்

இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ஐ.பி.எக்ஸ்.7 என்னும் தரக்குறிப்பு காணப்படும். ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் பாதிப்பு ஏற்படாது என்பதே இதன் பொருள். இச்சோதனை புதிய கருவியில் செய்யப்படுவது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரப்பர் அடைப்புகள் இறுகி விரிசல் காணும், ஒட்டுப்பசை விட்டுப்போகும். ஆகவே இருபது ஆண்டு பழமையான கருவியை நீர்புகாதது என்று நம்புவதற்கில்லை.

கடலில் விழுந்த கருவியை உடனே இயக்கிப் பார்ப்பதே பொதுவாக நிகழும் தவறு. உப்புநீர் மின்கடத்தி ஆகையால், மின்னோட்டம் இருக்கும்போது செப்புத் தடங்கள் விரைவாக அரிக்கப்படும். உடனே மின்கலங்களை அகற்றி, நன்னீரால் உப்பை அலசி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் உலரவிட வேண்டும். சிலிக்கா கூழ்மப் பொட்டலங்களுடன் மூடிய கலத்தில் வைப்பதும் உதவும். சூட்டடுப்பிலோ நேரடி வெயிலிலோ காயவைத்தால் திரை கெடும்.

தொடக்கத் திரையில் உறைதல்

நிறுவனத்தின் சின்னம் தோன்றி, அதற்கு மேல் நகராமல் கருவி நின்றுவிடுவதுண்டு. மின்வழங்கலும் திரையும் செயலியும் ஓரளவு இயங்குகின்றன என்பதை இது காட்டுகிறது. நினைவகத்திலுள்ள ஏதோ ஒன்றைப் படிக்க முற்படும்போது நிலைப்பொருள் சிக்கிக்கொள்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் மின்கலங்களை அகற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் இட வேண்டும். இதனால் தரவு இழப்பு பொதுவாக ஏற்படுவதில்லை. எனினும் உள் காப்பு மின்கலம் தீர்ந்துவிட்ட மிகப் பழைய கருவிகளில், முதன்மை மின்கலங்களை அகற்றும்போதே நினைவகம் அழிந்துவிட வாய்ப்பு உண்டு. அவற்றில் மின்கலம் மாற்றும் வேலையை விரைவாக முடித்துவிடுவது நல்லது.

அடுத்ததாக, நினைவக அட்டை உள்ள கருவியானால் அதனை அகற்றிவிட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். இப்போது கருவி இயங்கினால், பழுது அட்டையிலோ அதிலுள்ள நிலப்படக் கோப்பிலோ உள்ளது.

யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் சேமிப்பகமாகத் தோன்றக்கூடிய கருவிகளில் மற்றொரு காரணமும் உண்டு. தடப்பதிவு எழுதப்படும்போது மின்கலம் தீர்ந்தால் ஜி.பி.எக்ஸ். கோப்பு பாதியில் முறிந்துவிடும். ஜி.பி.எக்ஸ். என்பது எக்ஸ்.எம்.எல். அடிப்படையிலான கோப்பு வடிவம். இறுதிக் குறி இல்லாத அக்கோப்பை அடுத்தமுறை படிக்கும்போது நிலைப்பொருள் உறைந்துவிடுகிறது. கணினியுடன் இணைத்து, எல்லாக் கோப்புகளையும் முதலில் படியெடுத்துக்கொண்டு, பின்னர் கடைசியாக எழுதப்பட்ட ஜி.பி.எக்ஸ். கோப்பை மட்டும் கருவியிலிருந்து நீக்கினால் அது பெரும்பாலும் மீளும். முறிந்த கோப்பையும் எறிந்துவிடத் தேவையில்லை. அது வெறும் எழுத்துக்கோப்பு ஆதலால், உரைத்தொகுப்பியில் திறந்து விடுபட்ட இறுதிக் குறிகளைச் சேர்த்து அதுவரையிலான தடத்தை மீட்டெடுக்கலாம்.

தரவைக் காத்தல்

முழு மீட்டமைப்புக்கு முன்னர், கருவி சிறிது நேரமேனும் இயங்கினால் வழிப்புள்ளிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு மீனவரின் கருவியில் உள்ள வழிப்புள்ளிகள் கடலடிப் பாறைகளையும், வலை கிழியும் இடங்களையும், மீன்படும் இடங்களையும் குறிப்பன. பல ஆண்டு உழைப்பில் திரட்டிய இவற்றைக் கடையில் வாங்க முடியாது.

பழைய கருவிகள் தொடர்நிலை வாயில் வழியாகக் கணினியுடன் இணைபவை. தற்காலக் கணினிகளில் இவ்வாயில் இல்லாததால் யூ.எஸ்.பி. மாற்றி தேவைப்படும். ஜி.பி.எஸ்.பேபல் என்னும் திறமூல மென்பொருள் பல நிறுவனங்களின் கருவிகளிலிருந்து தரவைப் படிக்கவல்லது. கார்மின் கருவிகளாயின் இடைமுக அமைப்பு அந்நிறுவனத்தின் சொந்த நெறிமுறையில் இருக்க வேண்டும். நொடிக்கு 4800 பிட் வேகத்தில் இயங்கும் என்.எம்.ஈ.ஏ. 0183 நெறிமுறை அப்போதைய இருப்பிடத்தை மட்டுமே தொடர்ந்து அனுப்பும். அதில் வழிப்புள்ளிப் பட்டியலைப் பெற இயலாது. இணைப்பு வேலை செய்யவில்லை என்று கருதப்படும் நிலைகள் பலவற்றுக்கு இவ்வமைப்பே காரணம்.

கம்பியோ கணினியோ இல்லாதவர்கள் வழிப்புள்ளிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். எழுதும்போது ஆயங்களின் வடிவத்தையும் உடன் குறிக்க வேண்டும். இதன் காரணம் கீழே விளக்கப்பட்டுள்ளது.

முழு மீட்டமைப்பு

முழு மீட்டமைப்பு என்பது கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குத் திருப்புவது. பெரும்பாலான வகைகளில் இரண்டு அல்லது மூன்று பொத்தான்களை அழுத்தியவாறே மின்பொத்தானை அழுத்துவதால் இது நிகழும். எந்தப் பொத்தான்கள் என்பது வகைக்கு வகை வேறுபடும். ஒரு வகைக்குரிய சேர்க்கை வேறொரு வகையில் சோதனைத் திரையைத் திறக்கலாம். மற்றொன்றில் எச்சரிக்கை இன்றியே நினைவகத்தை அழிக்கலாம். ஆகவே அந்தந்த வகையின் கையேட்டைப் பார்த்த பின்னரே இதனைச் செய்ய வேண்டும்.

நிலைப்பொருளைப் புதுப்பித்தலும் ஒரு வழியே. எனினும் புதுப்பித்தல் நடக்கும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ, வேறு வகைக்குரிய நிலைப்பொருள் ஏற்றப்பட்டாலோ கருவி நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். புதிய மின்கலங்களை இட்டபின் மட்டுமே இதனைத் தொடங்க வேண்டும்.

செயற்கைக்கோள்களைக் கண்டறியாமை

கருவி இயங்கியும் இருப்பிடத்தைக் காட்டாத நிலை, நெடுநாள் பயன்படுத்தாத கருவிகளில் பொதுவானது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான சுற்றுப்பாதைத் தரவை 30 நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. எபிமெரிஸ் எனப்படும் இத்தரவு சில மணி நேரத்திற்கே செல்லுபடியாகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதைகளைத் தரும் அல்மனாக் என்னும் தரவு நொடிக்கு 50 பிட் என்ற மிகக் குறைந்த வேகத்தில் வருவதால், அதனை முழுமையாகப் பெற 12.5 நிமிடம் ஆகும்.

பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த கருவியிடம் சரியான நேரமும் இருக்காது, அல்மனாக்கும் இருக்காது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று அறியாமல் அது வானம் முழுவதும் தேட வேண்டியுள்ளது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பழுது என்று முடிவு செய்வது தவறு. வானம் முழுவதும் தெரியும் திறந்தவெளியில், நகர்த்தாமல், குறைந்தது அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும். தட்டை ஆன்டெனா உள்ள கருவியைக் கிடைநிலையிலும், சுருள் ஆன்டெனா உள்ளதை நிமிர்த்தியும் வைத்தால் குறிகை நன்கு கிடைக்கும். கட்டடத்தினுள்ளும், உலோகக் கூரையின் கீழும், அடர்ந்த மர நிழலிலும் பழைய பெறுவிகள் செயல்படுவது அரிது.

வார எண் சுழற்சி

பழைய கருவிகளுக்கே உரிய மற்றொரு சிக்கல் வார எண் சுழற்சி ஆகும். ஜி.பி.எஸ். முறைமை நாளை 1980 சனவரி 6 முதல் வாரங்களாக எண்ணி ஒலிபரப்புகிறது. இவ்வெண்ணுக்கு 10 பிட்களே ஒதுக்கப்பட்டதால், 0 முதல் 1023 வரை மட்டுமே எண்ண முடியும். 1024 வாரங்களுக்கு, அதாவது ஏறத்தாழ 19.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை எண் மீண்டும் சுழியத்திற்குத் திரும்பும். முதற்சுழற்சி 1999 ஆகத்து 21-22 நள்ளிரவிலும், இரண்டாவது 2019 ஏப்ரல் 6-7 நள்ளிரவிலும் நிகழ்ந்தன. அடுத்தது 2038 நவம்பரில் நிகழும்.

எந்தச் சுழற்சியில் இருக்கிறோம் என்பதைக் குறிகை சொல்வதில்லை. நிலைப்பொருளே ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் தவறும்போது கருவி சரியாக 7168 நாட்கள் பின்னோக்கிய தேதியைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 2025 சனவரி 1ஆம் நாள் 2005 மே 18 என்று தோன்றும். முழு வாரங்களே விடுபடுவதால் கிழமை மட்டும் சரியாக இருக்கும். மேற்சொன்ன இரு நாட்களும் புதன்கிழமைகளே. தேதி பிழையாயினும் கிழமை பொருந்தினால், காரணம் வார எண் சுழற்சி என்று ஐயுறலாம்.

பல கருவிகளில் இதனால் இருப்பிடக் கணிப்பு பாதிக்கப்படுவதில்லை. தடப்பதிவின் தேதி, சூரிய உதய நேரம் போன்றவையே பிழையாகும். வேறு சிலவற்றில் செயற்கைக்கோள்களைத் தேடும் கணிப்பே தவறி, இருப்பிடம் கிடைக்காமல் போகும். நிலைப்பொருள் புதுப்பித்தல் கிடைக்குமாயின் அதுவே தீர்வு. புதிய குறிகைகளில் வார எண்ணுக்கு 13 பிட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவை சுழல 157 ஆண்டுகள் ஆகும். ஆனால் பழைய கருவிகள் அக்குறிகைகளைப் படிக்க இயலாதவை.

மீண்ட கருவியைச் சோதித்தல்

கருவி உயிர்பெற்றதும் அதனை உடனே நம்பிப் புறப்படுதல் கூடாது. முழு மீட்டமைப்பில் அமைப்புகள் அனைத்தும் மாறியிருக்கும். இவற்றுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது, ஆயங்களின் வடிவம். 9 பாகை 17.50 கலை என்பதும் 9 பாகை 17 கலை 50 விகலை என்பதும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் வெவ்வேறு இடங்கள். 17.50 கலை என்பது 17 கலை 30 விகலையே. எனவே இரண்டுக்கும் இடையே 20 விகலை வேறுபாடு உள்ளது. குறுக்குக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் ஆகையால், இப்பிழை 600 மீட்டருக்கும் மேற்பட்டது. பழைய குறிப்பேட்டிலிருந்து வழிப்புள்ளிகளை மீண்டும் உள்ளிடும்போது இது நேர எளிதில் வாய்ப்புள்ளது.

இரண்டாவது, புவி மாதிரி. ஜி.பி.எஸ். முறைமை டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் மாதிரியைப் பயன்படுத்துகிறது. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. படமும் கருவியும் வெவ்வேறு மாதிரியில் இருந்தால், கருவி சரியாக இயங்கியும் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகக்கூடும்.

பாக்கு நீரிணையில் இத்தகைய பிழைகளின் விளைவு பெரிது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையேயான கடல் எல்லை 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் ஆயங்களால் வரையறுக்கப்பட்டது. நீரின் மேல் அக்கோட்டுக்கு அடையாளம் எதுவும் இல்லை. இரவில் அதனை அறிய மீனவருக்குக் கருவியே துணை. அறுநூறு மீட்டர் பிழை ஒரு படகை எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லப் போதுமானது; அது கைதிலும் படகு பறிமுதலிலும் முடியக்கூடும்.

ஆகவே கருவியை ஆயங்கள் உறுதியாக அறியப்பட்ட ஓர் இடத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பின்னர் தெரிந்த பாதையில் சிறிது தூரம் நடந்து, காட்டும் தூரமும் திசையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பாவனை இயக்கம் நிறுத்தப்பட்டுள்ளதா என்பதையும் இப்போது உறுதி செய்யலாம். ஒருமுறை காரணம் தெரியாமல் நின்ற கருவியைத் தனித்த வழிகாட்டியாகக் கொள்ளாமல், காந்தத் திசைகாட்டி, நிலப்படம் அல்லது மற்றொரு ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றுடன் சேர்த்துப் பயன்படுத்துவதே முறை.

இவற்றையும் பார்க்க

* செயற்கைக்கோள் வழிகாட்டு முறைமை
* அகலாங்கு
* நெட்டாங்கு
* திசைகாட்டி
* கடல் மைல்
* பாக்கு நீரிணை